வரிசையும் விலையும்: தீம் பார்க் விடுமுறை குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

ராட்டினம், ரோலர் கோஸ்டர் போன்ற சவாரிகளை ஓரிடத்தில் திரட்டி வைத்திருப்பது கேளிக்கைப் பூங்கா. அந்தச் சவாரிகளை ஒரு கதையுலகத்துக்குள் பொருத்தி, கட்டடம், இசை, உணவு, பணியாளரின் உடை என அனைத்தையும் அக்கதைக்கு இசைய அமைத்தால் அது தீம் பார்க் ஆகிறது. இத்தகைய பூங்காவில் குடும்பத்தோடு பல நாள் தங்கிக் கழிக்கும் விடுமுறை, அதற்காகும் செலவுக்குத் தகுந்ததுதானா என்ற கேள்வி அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களில் நெடுங்காலமாகவே உண்டு என்றாலும், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது முன்னெப்போதையும்விடக் கூர்மை பெற்றிருக்கிறது. ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு இக்கேள்வியை ஆராய மிகப் பொருத்தமான களம். உலகிலேயே மிக அதிகமானோர் வந்து செல்லும் தீம் பார்க்கான மேஜிக் கிங்டம் உள்ளிட்ட நான்கு பூங்காக்களும், அவற்றைச் சுற்றியுள்ள பல விடுதிகளும் உணவகங்களும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், ஒரு குடும்பம் அங்கே செலவிடும் பணம் எந்தெந்த வழியில் திட்டமிட்டு வாங்கப்படுகிறது என்பதை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

செலவை எண்ணிவிடலாம், மகிழ்ச்சியை எண்ண முடியாது, ஆகவே இது அவரவர் விருப்பம் என்று கேள்வியை முடித்துவிடுவோர் உண்டு. அந்த முடிவு அவசரமானது. செலவைக் கணக்கிடுவது அவ்வளவு எளிதல்ல. விடுமுறை தரும் மகிழ்ச்சியைப் பற்றியும் உளவியல் ஆய்வுகள் ஓரளவு தெளிவான செய்திகளைத் தந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, சிக்கல் பூங்காவின் தரத்தில் இல்லை, விலை அடுக்கப்பட்டுள்ள முறையில்தான் இருக்கிறது என்பது புலப்படும்.

1955 ஜூலையில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது பெரியவருக்கான நுழைவுக் கட்டணம் 1 டாலர். சவாரிகளுக்குத் தனியே கட்ட வேண்டும். விரைவிலேயே சவாரிகள் ஏ, பி, சி என்று தரவாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தரத்துக்கும் இத்தனை என்று சீட்டுகளைக் கோத்த புத்தகங்கள் விற்கப்பட்டன. மிகச் சிறந்த சவாரிகளுக்கான ஈ வகைச் சீட்டு 1959இல் வந்தது. 1971 அக்டோபர் 1 அன்று ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறக்கப்பட்டபோதும் இதே முறைதான். அன்றைய நுழைவுக் கட்டணமான 3.50 டாலரை இன்றைய விலையின் பக்கத்தில் வைத்து அங்கலாய்ப்பது பலருக்கும் வழக்கம். அந்த ஒப்பீடு சரியன்று, ஏனெனில் 3.50 டாலரில் சவாரிகள் சேரவில்லை. நுழைவோடு 11 சவாரிகளையும் தந்த சீட்டுப் புத்தகத்தின் விலையான 5.75 டாலரையே எடுத்துக்கொள்ள வேண்டும். நுகர்வோர் விலைக் குறியீட்டெண்படி, அதாவது அன்றாடப் பொருள்களின் விலையேற்றத்தைக் கழித்துப் பார்க்கும் கணக்கின்படி, அது இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 45 டாலர். 1980களின் தொடக்கத்தில் சீட்டுப் புத்தகங்கள் ஒழிந்து, ஒரு தொகை கட்டினால் எல்லாச் சவாரிகளும் என்ற முறை வந்தது. மேஜிக் கிங்டத்தின் ஒரு நாள் கட்டணம் 2015இல் 105 டாலராகி முதன்முறையாக 100 டாலரைத் தாண்டியது. 2018 முதல் நாளுக்கு ஒரு விலை என்றானது. 2025இல் பூங்காவையும் நாளையும் பொறுத்து 119 முதல் 199 டாலர் வரை இருந்தது. விலைவாசியைக் கழித்த பிறகும் இது பழைய கட்டணத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் நான்கரை மடங்குக்கும் இடைப்பட்டது. அன்று ஒரே ஒரு பூங்கா இருந்தது, இன்று நான்கு இருக்கின்றன என்று நிறுவனத்தின் பக்கம் நின்று சொல்லலாம். ஆனால் ஒரு நாள் சீட்டு வாங்குபவர் நுழைவது அந்த நான்கில் ஒன்றில்தான்.

நுழைவுச்சீட்டின் விலை மட்டும் ஏறியிருந்தால் கேள்வி இவ்வளவு சிக்கலாகியிருக்காது. முன்பு சீட்டோடு சேர்ந்திருந்தவை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப்பட்டுத் தனி விலைக்கு விற்கப்படுவதே இக்காலத்தின் பெரிய மாற்றம். 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற ஏற்பாடு அறிமுகமானது. சவாரியின் வாசலில் உள்ள இயந்திரத்தில் சீட்டைச் செருகினால் அது ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுக்கும். அந்த நேரத்தில் திரும்பி வந்தால் நீண்ட வரிசையில் நிற்காமல் குறுகிய வரிசை வழியே ஏறிக்கொள்ளலாம். இதற்குக் கட்டணம் இல்லை, பூங்காவுக்குள் வந்த எவரும் பயன்படுத்தலாம். 2021 அக்டோபரில் அதன் இடத்தில் வந்த ஏற்பாட்டுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்று விலை வைக்கப்பட்டது. பிறகு அந்த விலையும் நாளுக்கேற்ப மாறத் தொடங்கியது. இன்று லைட்னிங் லேன் என்ற பெயரில் மூன்று படிகள் உள்ளன: பல சவாரிகளுக்குச் சேர்த்து வாங்குவது ஒன்று, மிகவும் விரும்பப்படும் ஓரிரு சவாரிகளுக்குத் தனித்தனியே வாங்குவது இன்னொன்று, 2024 இறுதியில் அறிமுகமான, நேரம் குறிக்காமலேயே எல்லாக் குறுகிய வரிசைகளிலும் ஒருமுறை நுழைய விடும் பிரீமியர் பாஸ் மூன்றாவது. இந்த மூன்றாவதற்குத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட விலை, நுழைவுச்சீட்டு நீங்கலாக, தலைக்கு 129 முதல் 449 டாலர் வரை.

இது ஒரு குடும்பத்தின் நாளை எப்படி மாற்றுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். பெற்றோர் இருவர், 11 வயதும் 8 வயதுமான பிள்ளைகள் இருவர் என்று கொண்டால், 10 வயது நிறைந்தவருக்குப் பெரியவர் கட்டணம் என்பதால் மூவருக்கு முழுக் கட்டணம். 8 வயதுப் பிள்ளைக்கான சலுகையோ சில டாலர்களே. 2025இன் கிறிஸ்துமஸ் வாரத்து உச்ச விலையில் நால்வரும் மேஜிக் கிங்டத்துக்குள் காலடி வைக்கவே 800 டாலரை நெருங்கியது. பல சவாரிகளுக்கான லைட்னிங் லேனை முன்கூட்டிப் பதிவு செய்ய, நிறுவனத்தின் விடுதியில் தங்குவோருக்கு ஏழு நாள் முன்பும் வெளியே தங்குவோருக்கு மூன்று நாள் முன்பும் காலை 7 மணிக்குச் செயலி திறக்கிறது. அந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவர் கைப்பேசியோடு உட்கார்ந்து முதல் மூன்று சவாரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூங்காவுக்குள் சென்றபின் ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தேட வேண்டும். பிள்ளைகளோடு இருப்பதற்கென்று எடுத்த விடுமுறையில் பெற்றோரில் ஒருவர் பயண முகவரின் வேலையைப் பார்க்க வேண்டியதாகிறது. பிரீமியர் பாஸ் இந்த வேலையை நீக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட விலைப்படி, உச்ச நாளில் நால்வருக்கும் அதை வாங்கினால் அதற்கு மட்டும் 1,796 டாலர் ஆகும்.

இலவசமாக இருந்த வேறு சிலவும் மறைந்தன. ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து விடுதி விருந்தினரைக் கட்டணமின்றி ஏற்றிச் சென்ற பேருந்துச் சேவை 2005இல் தொடங்கி 2022இன் தொடக்கத்தோடு நின்றது. விடுதியில் இரவு வாகனம் நிறுத்த 2018இல் விதிக்கப்பட்ட கட்டணம், கடும் அதிருப்திக்குப் பின் 2023 ஜனவரியில் நீக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி பாப் ஐகர், லாப வேட்கையில் சில விலைகளைச் சற்று அதிகமாகவே ஏற்றிவிட்டிருக்கலாம் என்று முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார். இருந்தும் விலைப்போக்கு அடிப்படையில் மாறவில்லை. மாறாததற்குக் காரணத்தை நிறுவனத்தின் கணக்கேட்டில் காணலாம்: 2024 நிதியாண்டில் பூங்காக்கள், விடுதிகள், சொகுசுக் கப்பல்கள், பொம்மை வணிகம் ஆகியவற்றை உள்ளடக்கிய பிரிவு ஏறத்தாழ 927 கோடி டாலர் செயல்பாட்டு லாபம் ஈட்டியது, இது நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளின் மொத்தத்தில் ஐந்தில் மூன்று பங்கு. தொலைக்காட்சிச் சந்தாக்கள் குறைந்து வரும் காலத்தில் பூங்காக்களே நிறுவனத்தைத் தாங்கி நிற்கின்றன.

விலையை நாளுக்கேற்ப மாற்றுவது கூட்டத்தைப் பிரித்துவிடும், எல்லோருக்கும் நெரிசல் குறையும் என்பது நிறுவனத்தின் வாதம். பூங்காவின் கொள்ளளவு வரையறைக்குட்பட்டது, விரும்புவோரோ பெருகுகின்றனர் என்ற அளவில் இந்த வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் குறுகிய வரிசையை விற்பது அத்தகையதல்ல. ஒரு சவாரி ஒரு மணி நேரத்தில் ஏற்றிச் செல்லக்கூடியவர்களின் எண்ணிக்கை மாறாதது. பணம் கட்டியவர் முன்னே ஏறினால் கட்டாதவர் அந்த அளவுக்குக் கூடுதலாக நிற்கிறார். ஆக, விற்கப்படுவது புதிதாக உண்டாக்கப்பட்ட வசதியன்று, ஒரு குடும்பத்தின் நேரம் இன்னொரு குடும்பத்துக்கு மாற்றிக் கொடுக்கப்படுகிறது. அரசியல் மெய்யியலாளர் மைக்கேல் சாண்டெல் 2012இல் வெளியிட்ட, பணத்தால் வாங்கக் கூடாதவை பற்றிய நூலின் முதல் இயலிலேயே இவ்வகை வரிசை தாண்டலை எடுத்துக்கொண்டு, வந்தவர் வரிசைப்படி என்ற பொது ஒழுங்கு சந்தைக்கு இடம் கொடுக்கும்போது சமத்துவம் பற்றிய ஒரு வழக்கமே தேய்கிறது என்று வாதிட்டார். தீம் பார்க்கில் இந்தத் தேய்மானம் குழந்தைகளின் கண் முன்னாலேயே நடக்கிறது, ஏனெனில் இரண்டு வரிசைகளும் அருகருகே ஓடுகின்றன. எந்தக் குடும்பம் எதில் நிற்கிறது என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

இனிப் பயனின் பக்கம். பொருள் வாங்குவதைவிட அனுபவத்துக்குச் செலவிடுவது கூடுதல் நிறைவைத் தருகிறது என்ற கருத்தை உளவியலாளர்கள் லீஃப் வான் போவனும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் முன்வைத்தனர். விலை உயர்ந்த விடுமுறைகளுக்கு ஆதரவாக இன்று அதிகம் எடுத்துக்காட்டப்படுவது இந்த ஆய்வே. ஆனால் அதற்கு ஒரு முக்கியமான திருத்தம் பின்னால் வந்தது. ஜேக்கப் லீ, டெபோரா ஹால், வெண்டி வுட் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த வேறுபாடு வசதி படைத்தோரிடம் தெளிவாகத் தெரிகிறது. வருவாய் குறைந்தோரிடம் பொருளும் அனுபவமும் ஏறத்தாழ ஒரே அளவு நிறைவையோ, சில வேளை பொருளே கூடுதல் நிறைவையோ தருகிறது. இறுக்கமான வருவாயில் வாழும் குடும்பத்துக்கு நல்ல படுக்கையோ பழுதில்லாத காரோ பல ஆண்டு நின்று பயன் தரும் என்பதை இந்த ஆய்வோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். நினைவுகளுக்கு விலையில்லை என்ற விளம்பரச் சொல்லுக்கு மிக எளிதில் ஆட்படுவோரும், அதற்கு மிக அதிகமாக விலை கொடுப்போரும் இவ்வகைக் குடும்பத்தினரே.

விடுமுறையின் மகிழ்ச்சி எப்போது உண்டாகிறது என்பதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கின்றனர். நெதர்லாந்தில் யேரூன் நவேயினும் உடனாய்வாளர்களும் 1,530 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறைக்குச் செல்லவிருந்தோர் புறப்படுவதற்கு முன் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தனர். திரும்பி வந்தபின் பெரும்பாலோருக்கு அந்த வேறுபாடு மறைந்துவிட்டது, மிகவும் இளைப்பாறிய விடுமுறையைக் கழித்தவர்களிடம் மட்டுமே சிறிது காலம் நின்றது. எதிர்பார்ப்பு மகிழ்ச்சி தருகிறது, இளைப்பாறல் அதை நீட்டிக்கிறது என்பதே இதன் சாரம். ஃபுளோரிடாவின் ஜூலை வெயிலில், பிற்பகல் இடிமழைக்கு நடுவே, விடியலில் தொடங்கி இரவு வாணவேடிக்கை வரை நடக்கும் தீம் பார்க் நாளில் இளைப்பாறல் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பயணத்தின்போது ஏற்படும் எரிச்சலும் களைப்பும் பின்னர் நினைவிலிருந்து மங்கி, நல்லவை மேலெழுவதை டெரன்ஸ் மிட்செல், லீ தாம்சன் முதலியோர் 1997இல் விடுமுறைப் பயணங்களை ஆராய்ந்து காட்டினர். தீம் பார்க் போய் வந்தவர்களில் பலர் அலுத்துக்கொண்டாலும் மறுபடி செல்ல விரும்புவதற்கு இது ஒரு விளக்கம். இதை ஏமாற்று என்று தள்ளிவிடுவதும் சரியன்று. நினைவு அப்படித்தான் இயங்குகிறது, குடும்பங்கள் அந்த நினைவோடுதான் வாழ்கின்றன.

குழந்தையின் நினைவோ வேறொரு கேள்வி. பெரியவர்களால் மீட்டெடுக்க முடிகிற மிகப் பழைய நினைவு சராசரியாக மூன்று அல்லது மூன்றரை வயதைச் சேர்ந்தது. அதற்கு முந்தைய காலம் குழந்தைப்பருவ மறதி என்று உளவியல் குறிப்பிடும் இருளில் கிடக்கிறது. மூன்று வயது நிறையாதவருக்குப் பூங்காவில் கட்டணம் இல்லை என்பதால் கைக்குழந்தையோடு முதல் பயணத்தை முடித்துக்கொள்ளத் தூண்டப்படும் பெற்றோர், அந்தப் பயணம் தங்களுக்கானதே என்று தெரிந்து செல்வது நல்லது. சவாரிகளின் உயர வரம்பும் இதையே சொல்கிறது: செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 97 சென்டிமீட்டர், ஸ்பேஸ் மவுன்டனுக்கு 112, டிரான் லைட்சைக்கிளுக்கு 122. அளவுகோலின் கீழ் நின்று உயரம் போதாமல் திருப்பி அனுப்பப்படும் ஐந்து வயதுப் பிள்ளையின் அழுகை இப்பூங்காக்களில் நாள்தோறும் காணும் காட்சி. பெற்றோரில் ஒருவர் ஏறும்போது மற்றவர் சிறு பிள்ளையோடு காத்திருந்து, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் இடம் மாறிக்கொள்ளும் ஏற்பாடு கட்டணமின்றிக் கிடைக்கிறது. என்றாலும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தே ஏறுகிறது. ஏழு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கே உயரம், கால் வலிமை, கதைமாந்தரை நம்பும் மனம், பின்னாளில் நினைவுகூரும் ஆற்றல் ஆகிய நான்கும் ஒருசேர வாய்க்கின்றன.

மூத்தோரைப் பற்றியும் ஒரு சொல். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் முதியோருக்கெனக் கட்டணச் சலுகை இல்லை. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்திருக்கும் தாய் தந்தையரை அழைத்துச் செல்லும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பம், எந்த வேகச் சவாரியிலும் ஏறாத பாட்டிக்கும் தாத்தாவுக்கும் முழுக் கட்டணத்தையே செலுத்த வேண்டும்.

இவை அனைத்தையும்விடத் தீர்மானமான அளவுகோல் கடன். கடன் ஒப்பீட்டு நிறுவனமான லெண்டிங்ட்ரீ 2024இல் நடத்திய கருத்துக்கணிப்பில், டிஸ்னி பூங்காவுக்குச் சென்றவர்களுள் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உடைய பெற்றோரில் 45 சதவீதத்தினர் அப்பயணத்துக்காகக் கடன்பட்டதாகக் கூறினர். அந்தக் கடன் சராசரியாக 2,000 டாலரை ஒட்டியிருந்தது. கருத்துக்கணிப்பு என்பதால் இந்த எண்களைச் சற்று நெகிழ்வாகவே கொள்ள வேண்டும், ஆனால் அளவின் போக்கு ஐயத்துக்கிடமில்லாதது. கடன் அட்டைக்கான ஆண்டு வட்டி அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் 20 சதவீதத்துக்கு மேலேயே இருந்து வருகிறது. 21 சதவீத வட்டியில் 2,000 டாலரை மாதம் 60 டாலராகக் கட்டினால், தீர நான்கு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் ஆகும். வட்டி மட்டும் 1,000 டாலருக்கு மேல். எட்டு வயதில் சென்று வந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போதுதான் அந்த விடுமுறைக்குக் கடைசித் தவணை கட்டப்படுகிறது. எதிர்பார்ப்பில்தான் மகிழ்ச்சி மிகுதி என்று ஆய்வு கூறுவதால், முன்கூட்டிச் சேமித்துச் செல்லும் குடும்பம் அந்தக் காத்திருப்பின் இன்பத்தையும் பெறுகிறது. கடன்பட்டுச் செல்லும் குடும்பமோ அதே மாதங்களைத் தவணையாகக் கழிக்கிறது. கடன் வாங்கித்தான் செல்ல வேண்டும் என்ற நிலையில் இவ்விடுமுறை தகாதது என்று தயங்காமல் சொல்லலாம்.

மாற்றுகள் இல்லாமல் இல்லை. பென்சில்வேனியாவில் 1926 முதல் இயங்கும் நோபல்ஸ் பூங்காவில் நுழைவுக்கும் வாகனம் நிறுத்துவதற்கும் கட்டணம் கிடையாது. ஏறும் சவாரிக்கு மட்டும் சீட்டு வாங்கினால் போதும். 1947இல் டெக்சாஸில் கட்டப்பட்டு, கைவிடப்பட்ட நிலையில் பிரித்து எடுத்து வரப்பட்டு, 1985இல் அங்கே மறுபடி எழுப்பப்பட்ட ஃபீனிக்ஸ் என்ற மர ரோலர் கோஸ்டர் ஆர்வலர்களிடையே பெரும்புகழ் பெற்றது. இந்தியானாவின் ஹாலிடே வேர்ல்டில் குளிர்பானமும் வாகன நிறுத்தமும் வெயில் தடுக்கும் களிம்பும் சீட்டோடு சேர்ந்தவை. அமெரிக்காவில் வசிப்போர் 80 டாலருக்கு ஓராண்டு அனுமதி வாங்கினால் ஒரு காரில் செல்லும் குடும்பமே நாட்டின் தேசியப் பூங்காக்களுக்குள் செல்லலாம். நான்காம் வகுப்புப் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு அந்த ஆண்டு அதுவும் இலவசம். என்றாலும் தான் திரையில் பார்த்துப் பழகிய கதைமாந்தரை நேரில் காண விரும்பும் எட்டு வயதுப் பிள்ளையிடம் கிராண்ட் கேன்யனைக் காட்டி அதற்கு ஈடு என்று சொல்வது நேர்மையாகாது. டிஸ்னி பூங்காவின் கைவினைத் திறம் உண்மையானது. சேமித்த பணத்தில், பிள்ளை ஏற்ற வயதை எட்டியபின், ஒருமுறை, இரண்டு மூன்று நாள் மட்டும், பூங்காவுக்குள் கொண்டுசெல்ல அனுமதியுள்ள சொந்த உணவோடு சென்று வரும் குடும்பத்துக்கு அது தகுந்த செலவே.

அந்தக் குடும்பமும் தப்ப முடியாத ஓர் அநீதி நாளுக்கேற்ற விலையில் இருக்கிறது. பள்ளிகள் திறந்தபின் வரும் ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் கட்டணம் தாழ்கிறது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் உச்சத்தைத் தொடுகிறது. பிள்ளைகள் இல்லாமல் வரும் பெரியவர்கள் தாழ்ந்த விலையைத் தேர்ந்துகொள்ள முடியும். பள்ளிப் பிள்ளை உள்ளவர்களால் முடியாது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டும் என்பதற்காகவே இதைத் தொடங்கியதாக வால்ட் டிஸ்னி சொல்லி வந்தார். இன்றைய விலைமுறையில் அதிகம் செலுத்துவோர் அவர்களே. சிக்கனத்தாலும் முன்திட்டத்தாலும் எந்தக் குடும்பமும் இதைச் சரிசெய்துவிட முடியாது, நிறுவனம்தான் செய்ய வேண்டும். 2024இன் தொடக்க வாரங்களுக்கென்று கலிஃபோர்னிய டிஸ்னிலாந்து, 3 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 50 டாலருக்கு ஒரு நாள் சீட்டு விற்றது. கூட்டம் குறைந்த பருவத்தில் செய்ததைப் பள்ளி விடுமுறைகளில் சில நாட்களுக்காவது நீட்டிப்பதும், பெரியவர் கட்டணம் தொடங்கும் வயதைப் பத்திலிருந்து பதின்மூன்றாக உயர்த்துவதும், ஆண்டுக்கு 900 கோடி டாலருக்கு மேல் ஈட்டும் ஒரு பிரிவின் சக்திக்கு அப்பாற்பட்டவை அல்ல.